ஹாலி மரத்தை மிரட்டிய காலை

ஒரு மரம் காய்க்கவில்லை என்பதற்காக இத்தனை பேர் கவலைப்பட்டதை நான் கொல்லிமலைக் குண்டூர் நாட்டில்தான் பார்த்தேன். அதுவும் தின்னக்கூடிய காய் இல்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ரத்தச் சிவப்பாக, கொத்துக் கொத்தாக வருமாம். வாயில் போட்டால் வயிற்றைக் கலக்குமாம். இதற்காகத்தான் பத்து வருஷம் தண்ணீர், எரு, வேலி, பந்தல் எல்லாம்.

மரத்தின் பெயர் ஹாலி. எங்கள் துரைசாணி அம்மாள் தன் தேசத்திலிருந்து அதன் பழங்களை ஒரு தகர டப்பாவில் மணலோடு போட்டுக் கொண்டுவந்தார். கொல்லிமலையில் காப்பித் தோட்டம் போட்ட அண்ணனுக்கு வீடு பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். அண்ணன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் கப்பல் ஏறவில்லை. பங்களா வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

நான் அவருக்குச் சமையல்காரி. பெயர் பழனாயி, ஊர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தேன். அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எதற்குப் போனாலும் என்னை முன்னால் நிற்க விடமாட்டார்கள். ஒருநாள் வயிற்று வலிக்கு மருந்து வாங்க மலையேறி வந்தேன். அம்மாள் அடுப்பில் சோற்றைத் தீய்த்துக்கொண்டிருந்த அழகைப் பார்த்துப் பொறுக்காமல் கரண்டியைப் பிடுங்கினேன். அன்றைக்குப் பிடித்த கரண்டியை அப்புறம் கீழே வைக்கவே இல்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாள்தான். என் வாய்த்துடுக்கு எழுத்திலும் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அம்மாள் பொறுப்பில்லை.

அம்மாள் அந்தப் பழங்களில் முப்பதை விதைத்தாராம். இரண்டு வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை. தொட்டியைக் கொட்டிவிடலாம் என்று இருந்தபோது ஒரே ஒரு முளை தலை காட்டியது. அது முழங்கால் உயரம் வந்ததும் ஊற்றோரமாக நிழல் பார்த்து நட்டார்கள். அந்த வருஷம்தான் பொன்னாயி பக்கத்துக் குடியிருப்புக்கு ராசுவின் மனைவியாக வந்தாள். ராசு பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தான். மனைவிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. ஹாலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

அவள் பார்த்துக்கொண்டதைப் போல நான் என் மாட்டைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. சித்திரை வெயிலில் இலை கருகும் என்று கூரை வேயும் போதைப்புல்லால் பந்தல் போட்டாள். ஐப்பசி மழையில் வேர் அழுகும் என்று சுற்றிலும் வாய்க்கால் வெட்டினாள். இலை ஓரமெல்லாம் முள். கிளைகளைக் கவாத்துப் பண்ணிவிட்டு வரும்போது அவள் கை முழுக்கக் கீறலாக இருக்கும். நான் விளக்கெண்ணெய் தடவிவிட்டுத் திட்டுவேன். சிரிப்பாள். செடி ஆள் உயரத்தைத் தாண்டி, எண்ணெய் பூசின மாதிரி இலையோடு நின்றது.

ஏழாம் வருஷம் மாசியில் முதல்தடவை பூத்தது. பொரி சிதறினது போல வெள்ளைப் பூ. அம்மாள் குதிக்காத குறைதான். மார்கழிக்குள் பழம் வந்துவிடும் என்று அப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார். பூவெல்லாம் தரையில் கொட்டியது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

மார்கழியில் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வருகிறது. அவர்கள் ஊரில் அந்த மாதம் மரமெல்லாம் மொட்டையாக நிற்குமாம், தரையெல்லாம் பனி மூடிக் கிடக்குமாம். அந்தக் குளிரிலும் ஹாலி மட்டும் பச்சையும் சிவப்புமாக நிற்குமாம். அதை வெட்டி வந்து வாசலிலும் ஜன்னலிலும் கட்டினால் கெட்டது எதுவும் வீட்டுக்குள் வராது என்பது பழைய நம்பிக்கை. அம்மாள் இதைச் சொன்னபோது நான், "எங்கூர்லயும் அதேதானுங்கம்மா. போகியன்னிக்குப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூணையும் சேத்துக் கட்டிக் கூரையில செருகுவோம். காப்புக்கட்டுன்னு பேரு" என்றேன். அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். ஹாலியில் முள் அதிகமான கிளையை ஆண் என்றும், முள் குறைந்ததைப் பெண் என்றும் அவர்கள் ஊரில் விளையாட்டாகச் சொல்வார்களாம். பண்டிகைக்கு எந்தக் கிளை முதலில் வீட்டுக்குள் வருகிறதோ, அந்த வருஷம் அந்த வீட்டில் அவர்கள் ராஜ்யம். "அப்பிடின்னா முள்ளையெல்லாம் நறுக்கிப்போட்டுக் கொண்டு போலாமுங்க" என்று பொன்னாயி சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த விளையாட்டுப் பேச்சுக்குள் ஒரு சங்கதி இருந்ததை அப்போது யாரும் எடுத்துப் பேசவில்லை.

பழம் இல்லாததால் மூன்று கிறிஸ்துமஸுக்கும் காப்பிப் பழத்தை நூலில் கோத்து ஹாலிக் கிளையில் கட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சுமாராக இருந்தது. இரண்டாம் நாள் காப்பிப் பழம் கறுத்துச் சுருங்கி, எலிப் புழுக்கை தொங்குவது போல ஆகிவிடும். அம்மாளே அவிழ்த்துப் போடுவார்.

இனி பொன்னாயியின் சங்கதிக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. மாமியார் அத்தாயி கெட்டவள் இல்லை. எனக்குத் தேன் கொண்டுவந்து கொடுப்பாள், என் கை ரசத்தை ஊரெல்லாம் புகழ்வாள். ஆனால் பேரப்பிள்ளை என்ற பேச்சு வந்தால் மட்டும் அவள் வேறு மனுஷி. அந்த வருஷம் கார்த்திகையில் மலையின் இன்னொரு பக்கம் எடப்புளி நாட்டில் கண்ணாயி என்று ஒரு பெண்ணைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். தைப் பொங்கல் கழிந்ததும் மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கொண்டுவருவது என்று பேச்சு. ராசு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்குக் கடவுள் வாயைக் கொடுத்தது வெற்றிலை போட மட்டும்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது பொன்னாயி இதை என்னிடம் சொன்னாள்.

"தையில கொண்டாறாங்களாமுக்கா."

"நீ என்ன பண்ணப் போறே?"

"எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். இன்னொருத்தி புள்ளையத் தூக்கி வெச்சுக்கிட்டு அந்த ஊட்டு மூலையில கெடக்க என்னால ஆகாது."

"உம்புருசன் என்ன சொல்றான்?"

"அவரு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க்கா. ராத்திரிக்குச் சோறு போட்டா, நீ சாப்பிட்டியான்னு கேக்கறாரு. அவரு கெட்டவரா இருந்தா நான் இந்நேரம் நிம்மதியாப் போயிருப்பேன்."

முறத்தை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மார்கழி பிறந்தது. அத்தாயி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வந்தாள். மருந்து விட்டபடியே அம்மாள் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்த வருஷமும் அது காய்க்கவில்லை, அத்தாயி. நான் மிகவும் வருத்தப்படுகிறேன்" என்றார். அம்மாளின் தமிழ் எப்போதும் இப்படித்தான். முன்ஷி வாத்தியார் சொல்லிக்கொடுத்த தமிழ், கஞ்சி போட்ட வேட்டி போல விறைப்பாக இருக்கும்.

அத்தாயி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "இதுக்குப் போயி வருத்தப்படுவாங்களாக்கும்? மெரட்டுனீங்களா?"

"யாரை?"

"மரத்தத்தானுங்க. காய்க்காத பலாவுக்கு நாங்க அதத்தானுங்க பண்றோம்."

மலையில் இது பழைய வழக்கம். காய்க்காத பலாவுக்கு முன்னால், வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஒருவன் கோடாலியோடு போய் நிற்பான். "காய்க்காத மரம் என்னத்துக்கு? வெட்டிப் போடட்டுமா?" என்று கேட்டு அடிமரத்தில் லேசாக ஒரு கொத்துக் கொத்துவான். மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண், "வெட்டாதீங்க சாமி, வர்ற வருசம் காய்க்கும்" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். இப்படி மூன்று முறை. மூன்றாம் பதிலோடு மரம் பிழைத்தது. பயந்துபோன மரம் மறு வருஷம் அடியிலிருந்தே காய் தள்ளும்.

"ஆனா சொல்லு தப்பக் கூடாதுங்க" என்றாள் அத்தாயி. "எங்க பெரியப்பன் ஊட்டுல ஒருக்கா, பதில் சொல்றவ மூணாந் தடவை சிரிச்சுப்போட்டா. அப்புறம் அந்த மரத்த வெட்டித்தான் போட்டாங்க. மூணு சொல்லும் வராட்டி கோடாலி எறங்கியே ஆவோணும். இல்லீன்னா வெறும் மெரட்டுன்னு மரத்துக்குத் தெரிஞ்சு போயிரும். ஊருல ஒரு மரமும் நம்மள மதிக்காது."

அம்மாளுக்கு இதில் நம்பிக்கை வந்ததா, வேடிக்கையாகத் தோன்றியதா என்று தெரியாது. மலைக்காரர்களுக்கு மரத்தைப் பற்றித் தெரியாததா என்று நினைத்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். கோடாலி பிடிக்க ராசு. கெஞ்சுவதற்கு யார்?

"நானே சொல்றேனுங்க. நான் புள்ளை பெத்தவ" என்றாள் அத்தாயி.

"இல்லை. பத்து வருஷம் பொன்னாயிதான் தண்ணீர் ஊற்றினாள். அவள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அம்மாள்.

அத்தாயியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "காய்க்கும்னு அவ சொன்னா மரம் கேக்குமுங்களா? அவளே..." என்று ஆரம்பித்தவள், நான் கரண்டியோடு நிற்பதைப் பார்த்து மீதியை முழுங்கினாள். ஆனால் பொன்னாயி வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். சொன்னதும் காதில் விழுந்தது, சொல்லாமல் முழுங்கியதும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஊற்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. பல் கிட்டிக்கொண்டது. மருந்துக்கு வந்த ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அம்மாள் சால்வையோடு வராந்தா இறங்கி வந்தார். நான் சமையலறைக் கதவருகில் நின்றேன். மரத்துக்கு இந்தப் பக்கம் கோடாலியோடு ராசு, அந்தப் பக்கம் பொன்னாயி. நடுவில் முள்ளும் இலையுமாக மரம்.

ராசு செருமிக்கொண்டான். "காய்க்காத மரம் என்னத்துக்கு? வெட்டிப் போடட்டுமா?" கோடாலி நுனியால் மெதுவாக ஒரு கொத்து.

"வெட்டாதீங்க சாமி. வர்ற வருசம் காய்க்கும்" என்றாள் பொன்னாயி. கூட்டத்தில் யாரோ நன்றாகச் சொன்னாள் என்றார்கள்.

"காய்க்காத மரம் என்னத்துக்கு? வெட்டிப் போடட்டுமா?" இரண்டாம் கொத்து.

"வெட்டாதீங்க சாமி." நிறுத்தினாள். "வர்ற வருசம்... காய்க்கும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் யாருக்காகக் கெஞ்சுகிறாள் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்துபோயிற்று. தை மாதத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. மூன்றாம் தடவை அவன் குரல் எழும்பவே இல்லை.

"காய்க்காத மரம்... என்னத்துக்கு. வெட்டிப் போடட்டுமா?"

பொன்னாயி மரத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஐந்து வார்த்தை. சொன்னால் முடிந்தது. அவள் சொல்லவில்லை.

"சொல்லு புள்ள!" என்று அத்தாயி அதட்டினாள்.

"காய்க்குமான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் பொன்னாயி. குரல் உயரவில்லை. "பத்து வருசமா காய்க்கும் காய்க்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. இனிமே பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சா காய்க்கட்டும், காய்க்காட்டியும் அது நிக்கோணும். நின்னா என்னங்க? அது யாரு சோத்தப் புடுங்கித் திங்குது?"

அத்தாயிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவள் வழக்கத்தை விடுகிறவள் இல்லை.

"சொல்லு தப்பிப் போச்சு. வெட்டுடா ராசு" என்றாள். "வெட்டாம வந்தீன்னா ஊட்டுக்கு ஆவாது."

ராசு அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். கோடாலி அவன் தோளுக்கு ஏறியது. துரைசாணி அம்மாள் வாயைத் திறந்தார். பதற்றத்தில் முன்ஷியின் தமிழ் மொத்தமும் மறந்துவிட்டது போல, ஒரு வார்த்தையும் வரவில்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. கரண்டியோடு ஓடிப்போய் மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவே நின்றேன். "அது ஆம்பளை மரமுங்க!" என்று கத்தினேன். "ஆம்பளை மரத்தப் போயி காய் எங்கே, காய் எங்கேன்னு மெரட்டறீங்களே, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்குதா?"

நான் இதை அன்றைக்குக் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். அதுதான் எனக்கு வெட்கம். மூன்று வருஷம் முன்னால், அது முதலில் பூத்தபோதே, உதிர்ந்த பூவை எடுத்துப் பார்த்தேன். விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. பூவுக்கு அடியில் பிஞ்சாகக்கூடிய முடிச்சு ஒரு கடுகளவும் இல்லை. எங்கள் முள்ளுக்குறிச்சிக் காட்டில் பனைமரத்தில் பாதி இப்படித்தான். ஆண்பனை பாளை விடும், பொடி உதிர்க்கும், நுங்கு தராது. நுங்கு தருவது பெண்பனை. யாரும் ஆண்பனையை மலடு என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று அப்போதே தோன்றியது. ஆனால் அம்மாள் அவ்வளவு புத்தகம் படிக்கிறவர், அவருக்குத் தெரியாதா என்று வாயை மூடிக்கொண்டேன். எதற்கெல்லாமோ திறக்கிற வாய், திறக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தது.

அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆண் ஹாலி, பெண் ஹாலி! நான்தானே உங்களுக்குச் சொன்னேன்! அது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்" என்றார். அவர் பிறந்தது பெரிய பட்டணமாம். அங்கே பண்டிகைக்கு முதல் நாள் சந்தையில் ஹாலியைக் கட்டாகத்தான் வாங்குவார்களாம், பழத்தோடு. மரத்தை வளர்த்துப் பழக்கமே இல்லையாம். மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியும் என்று அவர் இருந்திருக்கிறார், அவருக்குத் தெரியும் என்று நாங்கள் இருந்திருக்கிறோம்.

அத்தாயி மட்டும் நம்பவில்லை. "மரத்துல ஏது ஆணு, பொண்ணு? ஒரே பலாவுல கொட்டிப்போற பூவும் வருது, காயாகுற பூவும் வருது. இந்த மலையில நான் பாக்காத மரமா?"

"உங்க மலையில பனை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். இல்லை. மலைமேல் பனை ஏது? "கீழ வந்து பாருங்க. வரப்பு வரப்பா ஆண்பனை நிக்குது. ஒரு பயலும் கோடாலியத் தூக்கறதில்லை."

கூட்டத்தில் ஒருவர், "அடப்பாவமே, மூணு வருசமா ஒரு ஆம்பளைகிட்டயா காய் கேட்டோம்?" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ராசுவின் பக்கம் திரும்பினாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிந்தது. ராசுவுக்கும் புரிந்தது. அத்தாயி மெதுவாக அம்மாளிடம் வந்தாள்.

"ஏனுங்க தொரைசாணி, மனுசருலயும்... ஆம்பளைகிட்டக் கொறை இருக்குமுங்களா?"

"இருக்கலாம், அத்தாயி. பல வீடுகளில் இருக்கிறது" என்றார் அம்மாள். "பெண்கள் என்னிடம் வருகிறார்கள். கசாயம் கேட்கிறார்கள், அழுகிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஓர் ஆணை அழைத்து வரவில்லை."

ராசு கோடாலியைக் கீழே போட்டான். பத்து வருஷமாக அவனிடமிருந்து நான் கேட்ட மொத்தப் பேச்சையும் சேர்த்தால் அன்றைக்கு அவன் பேசினதில் பாதி இருக்காது.

"அம்மா, குத்தம் யாருதுன்னு எனக்குத் தெரியாது. என்னுதாவும் இருக்கலாம். அப்பிடி இருந்தா, அந்த எடப்புளிப் புள்ளையும் நம்மூட்டுக்கு வந்து, பத்து வருசம் பாடுபட்டு, கடைசில இவளாட்டம் நாலு பேரு முன்னால நின்னு கெஞ்சோணுமா? இவ நிக்கறதப் பாத்ததே எனக்குப் போதும். நான் எடப்புளிக்குப் போயி வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரேன்."

"குடுத்த வாக்குடா!" என்று அத்தாயி அலறினாள். "நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போவேன்?"

"நீ போ வேண்டாம். வாக்கத் திருப்பறது நான். வசவு நானே வாங்கிக்கிறேன்."

அத்தாயி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்டத்தான் நினைத்தேன், முடியவில்லை. பேரப்பிள்ளைக்காகத் தைத்து வைத்திருந்த ஆசை அத்தனையும் ஒரே காலையில் கிழிந்துபோனவளை என்னவென்று திட்டுவது? பொன்னாயிதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பனி கலைந்து வெயில் வரும்வரை அங்கேயே இருந்தார்கள். நான் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டுபோய் இரண்டு பேர் கையிலும் கொடுத்தேன். அத்தாயி குடித்துவிட்டு, "சுக்கு பத்தல" என்றாள். சரி, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ராசு மறுநாள் விடிந்ததும் எடப்புளி நாட்டுக்குக் கிளம்பினான். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பொன்னாயி வாசலுக்கும் ஊற்றுக்கும் நடையாய் நடந்தாள். வாக்கை முறித்த இடத்தில் சும்மா விட்டு அனுப்புவார்களா? கட்டி வைத்துப் பஞ்சாயத்துக் கூட்டினாலும் கூட்டுவார்கள். ஆனால் அவளிடம், "வழியில யாராச்சும் கூப்புட்டு உக்கார வெச்சிருப்பாங்க, போ" என்று அலட்சியமாகச் சொல்லி வைத்தேன்.

அதற்கு மறுநாள் கிறிஸ்துமஸ். காப்பிப் பழம் பறிக்கட்டுமா என்று அம்மாளிடம் கேட்டேன். "வேண்டாம், பழனாயி. அது என்ன மரமோ அதையே கட்டுவோம்" என்றார். பொன்னாயியும் நானும் வெறும் இலைக் கிளைகளாக வெட்டி வந்து வாசல் நிலையில் கட்டினோம். முள் முள்ளாக, பச்சைப் பசேல் என்று இருந்தது. சிவப்பில்லாததை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் ராசு வந்து சேர்ந்தான். தலையெல்லாம் புழுதி. தோளில் ஒரு துணி மூட்டை.

பொன்னாயி கத்தியைக் கீழே போட்டாள். "என்ன சொன்னாங்க?"

"வஞ்சாங்க" என்றான். "வாசல்ல நிக்க வெச்சு வஞ்சாங்க. சாயங்காலம் ஊர்க்காரங்களக் கூட்டி வெச்சு மறுக்கா வஞ்சாங்க. நான் எல்லாத்துக்கும் ஆமாங்க, ஆமாங்கன்னேன். இன்னிக்கு வெடியறப்ப, போய்த் தொலைன்னு உட்டுட்டாங்க."

"அந்தப் புள்ள?"

"கதவு மறைவுல நின்னு எல்லாங் கேட்டுக்கிட்டிருந்துச்சு. நான் ஊரு எல்லை தாண்டறப்ப பின்னாலயே ஓடியாந்துச்சு. அதும் வையத்தான் வருதுன்னு நின்னேன்." மூட்டையை அவிழ்த்தான். உள்ளே ஒரு சீப்பு மலைவாழை, நன்றாகக் கனிந்தது. "இதக் கையில குடுத்து, 'அக்காளுக்குக் குடுங்க'ன்னுச்சு. திரும்பிப் பாக்காம ஓடிருச்சு."

பொன்னாயி அந்தச் சீப்பை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் தெரியாத ஒரு பெண்ணை அன்றைக்கு நான் மனமார வாழ்த்தினேன். அவள் எங்கே வாக்கப்பட்டாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மாள் அந்த வாரமே நீலகிரியில் இருந்த சிநேகிதிக்குக் கடிதம் போட்டு ஒரு பெண் ஹாலிக் கன்றை வரவழைத்தார். நாலாம் வருஷம் மார்கழியில் அது காய்த்தது. வாசல் நிலையில் பச்சையும் சிவப்புமாகக் கட்டினோம். ஆனால் இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் ஹாலி காய்த்ததா என்று அவர்கள் கேட்பதில்லை. பொன்னாயிக்குக் குழந்தை பிறந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

பிறக்கவில்லை. அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அத்தாயிக்குக் கண் முழுசாக மங்கிவிட்டது. ஊற்றுக்குக் குளிக்கப் போகும்போது மருமகள் தோளைத்தான் பிடித்துக்கொண்டு போகிறாள்.